பராமரிப்பவர் பெயர்

பிஷ்கெக்
மார்ச் 9, 2004

தம்பி இஷெனாலி,

நலம் விசாரிப்பதையெல்லாம் நீயே நிரப்பிக்கொள். எனக்குக் கால் வலி. காலையிலிருந்து மூன்று கட்டடங்களில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். முதல் கட்டடத்தில் இருந்தவள் இரண்டாவதுக்குப் போகச் சொன்னாள். இரண்டாவதில் இருந்தவன் மூன்றாவதுக்கு விரட்டினான். மூன்றாவதில் இருந்த அம்மணி நிதானமாகத் தேநீரைக் குடித்துவிட்டு, "இத நீங்க முதல் கட்டடத்துலயே கேட்டிருக்கலாமே" என்றாள். அந்தத் தேநீரை எடுத்து அவள் தலையில் ஊற்றாமல் வந்தேன் பார், அதற்கே எனக்கு ஒரு உதவித்தொகை தர வேண்டும்.

ஆனாலும் விஷயத்தைக் கறந்துவிட்டேன். கவனமாகப் படி. உடல் ஊனத்தை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள். இன்னொருவர் துணையில்லாமல் முடியாதவர்கள் முதல் பிரிவு. ஓரளவு தன்னைத் தானே பார்த்துக்கொள்பவர்கள் இரண்டாம் பிரிவு. இலகுவான வேலைக்குப் போகக் கூடியவர்கள் மூன்றாம் பிரிவு. மின்கம்பத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாமல் கிடக்கும் உன்னை இரண்டாவதில் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் பிரிவாக இருந்தால் சக்கர நாற்காலி உண்டு, நிலக்கரியில் சலுகை உண்டு, வீட்டிலிருந்து பார்த்துக்கொள்பவருக்கு மாதாமாதம் சம்பளம் உண்டு. தொகை பெரிதில்லை. ஆனால் பராமரிப்பவர் என்று பெயர் பதிந்து, அந்த வருடங்கள் பென்ஷன் கணக்கிலும் சேரும்.

இது யாருக்காக என்று உனக்குத் தெரியும். குளிர்காலத்தில் மருந்து வாங்க இங்கே வந்தபோது புருல் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "அக்கா, வெண்ணெய் ஃபேக்டரி வேலைய விட்டு மூணு வருஷமாச்சு. இந்த மூணு வருஷமும் நான் என்ன பண்ணேன்னு நாளைக்கு யாராவது கேட்டா, சும்மா இருந்தாள்னுதானே எழுதியிருக்கும்?" என்றாள். அவள் சித்தப்பா மகள் மாஸ்கோவில் துப்புரவு வேலைக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம். மே மாதத்துக்குள் இங்கே ஒன்றும் நடக்காவிட்டால் போய்விடுவேன் என்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் மனைவி போகாமல் இருக்க வேண்டுமானால் நீ முதல் பிரிவுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

பிரிவு போடுகிற மாவட்ட மருத்துவக் குழுவிடம் போனபோது என்ன உளறினாய் என்று எனக்கு ஒரு வரி விடாமல் எழுது. மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பு.

சூராகான்


எகி-தெரெக்
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நவ்ரூஸ் புத்தாண்டு நல்வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். கோதுமைமுளைக் கூழ் ஒரு பாட்டில் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன், வழியில் குடித்திருந்தால் அவர் காதைத் திருகி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோன் பண்ணியிருப்பேன், ஆனால் போஸ்ட் ஆபீஸ் கம்பியைத் திருடர்கள் மறுபடி அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை ஏறிக் கட்டக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் கிடக்கிறான்.

நான் ஒன்றும் உளறவில்லை. நடந்தது இதுதான். மாவட்ட ஆஸ்பத்திரியில் அந்தக் குழு உட்காருவது இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. நம் தெரு சாத்திபால்டி அண்ணனும் இன்னும் மூன்று பேரும் என்னைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருப்பத்தில் என் தலை சுவரில் இடித்தது, அது தனிக்கதை. உள்ளே போனதும் அந்தத் தொப்பை டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மேல ஏறி வந்துட்டீங்கல்ல?" என்றார்.

"ஏறல. தூக்கிட்டு வந்தாங்க" என்றேன்.

"வந்துட்டீங்கல்ல" என்றார் மறுபடியும். ஏதோ எழுதிக்கொண்டார்.

அப்புறம் சட்டை நீங்களே போட்டுக்கொள்வீர்களா, நீங்களே சாப்பிடுவீர்களா என்று கேட்டார். அறையில் இரண்டு இளம் நர்ஸுகள் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொரித்துக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்கு எப்படிப் போவீர்கள் என்று அடுத்த கேள்வி. நீங்களே சொல்லுங்கள் அக்கா, நாற்பது வயது ஆம்பிளை அந்தப் பெண்கள் முன்னால் என்ன சொல்வான்? "எல்லாத்தையும் நானே பாத்துக்குவேன்" என்றேன். இரண்டாம் பிரிவு போட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று தடவை மாவட்டத்துக்கு அலைந்தாகிவிட்டது. ஒருமுறை ஒரு முத்திரை மங்கலாக இருந்தது. ஒருமுறை முத்திரை நன்றாக இருந்தது, டாக்டர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இனிமேல் அந்தப் படியில் தலையை இடித்துக்கொள்ள என்னால் முடியாது. அதோடு, நான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நாலு பேர் முன்னால் நின்று சொல்ல, மன்னிக்கவும், கிடந்து சொல்ல, எனக்கு வராது.

புருல் நன்றாக இருக்கிறாள். மாஸ்கோ பேச்சை என்னிடம் எடுப்பதில்லை. பயமுறுத்துவதற்காக உங்களிடம் சொல்லியிருப்பாள்.

இஷெனாலி


பிஷ்கெக்
ஏப்ரல் 8

இஷெனாலி,

உன் கடிதத்தைத் தையல் கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது படித்தேன். தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்துப் பக்கத்து மெஷின்காரி யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். நர்ஸுகள் முன்னால் வெட்கமாம்! அவர்கள் பாராத உடம்பா? உன்னைக் கட்டிக்கொள்ளவா வந்து உட்கார்ந்திருந்தார்கள்?

சரி, கேள். படி ஏற முடியாதவர்களின் வீட்டுக்கே குழு வர வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அது அந்த மூன்றாவது கட்டடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதன்மேல் காலண்டரை மாட்டியிருக்கிறார்கள். நான் காலண்டரைத் தூக்கிக் காட்டினேன். "படிக்கத் தெரிஞ்சவங்க வந்தா எங்களுக்குத் தொல்லைதான்" என்று முணுமுணுத்தபடியே அந்த அம்மணி மாவட்டத்துக்கு எழுதிக் கொடுத்தாள். ஏப்ரல் கடைசி வாரத்தில் உன் வீட்டுக்கு வருகிறார்கள்.

இப்போது நான் சொல்வதை மூன்று முறை படி. புருலிடமும் வாசித்துக் காட்டு.

அவர்கள் விருந்தாளிகள் இல்லை. மறுபடியும் எழுதுகிறேன், விருந்தாளிகள் இல்லை. ஆட்டை அறுக்காதே. விருந்து விரிப்பை விரிக்காதே. பக்கத்து வீட்டுக் கம்பளத்தை வாங்கி மாட்டாதே. வீடு என்றைக்கும் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். வாளி இருந்த இடத்தில் இருக்கட்டும், மருந்து நாற்றம் அடித்தால் அடிக்கட்டும். தாடியை மழிக்காதே. கேள்வி கேட்டால் உள்ளதைச் சொல். சொல்ல வாய் வராவிட்டால் சும்மா இரு, புருல் சொல்லட்டும். உன் முதுகில் வந்த புண்ணை அவர்களிடம் காட்டு.

வெறுந்தேநீர் கொடுக்கலாம். ரொட்டி வைக்கலாம். அதற்கு மேல் ஒரு திராட்சை வைத்தாலும் நான் கேள்விப்படுவேன்.

சூராகான்


எகி-தெரெக்
மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் முழுதும் படியுங்கள், அப்புறம் கோபப்படுங்கள்.

நீங்கள் சொன்னபடியே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். புருல் உங்கள் கடிதத்தை அடுப்பங்கரைச் சுவரில் ஊசி குத்தி வைத்திருந்தாள். ஆனால் மாவட்டத்திலிருந்து ஆள் வருகிறது என்ற சேதி முந்தின நாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சாத்திபால்டி அண்ணன் வந்து, "அஞ்சு பேர் வராங்களாமே, வெறும் ரொட்டியா வைக்கப் போற? நாளைக்கு எகி-தெரெக் ஆளுங்க பசியோட அனுப்பிட்டாங்கன்னு மாவட்டம் பூரா பேசும். இது உன் வீட்டு விஷயம் மட்டும் இல்லடா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி கான்ஷாயிம் அண்ணி கல்யாணச் சீர் மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். எதிர்வீட்டிலிருந்து சுவர்க் கம்பளம் வந்தது. தேநீர்க் குவளைகள் எங்கிருந்து வந்தன என்று இன்னும் தெரியவில்லை. புருல் வாசலில் நின்று எல்லாரிடமும் வேண்டாம் வேண்டாம் என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

இதுவரைக்கும் தெருவின் தப்பு. இனிமேல்தான் என் தப்பு.

அவர்களுடைய ஜீப் ஓடைச் சேற்றில் சிக்கிக்கொண்டது என்று சேதி வந்தது. விருந்தாளி வாசலுக்கு முன்னால் சேற்றில் நிற்கும்போது வீட்டுக்காரன் படுத்துக் கிடப்பதா என்று எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. சாத்திபால்டி அண்ணனுடைய சிவப்புக் குதிரை வெளியே நின்றது. என்னைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்து, இரண்டு காலையும் வாரால் கட்டிவிடச் சொன்னேன். கையில்தான் பலம் இருக்கிறதே! மூன்று வருடத்துக்கு அப்புறம் குதிரை மேலிருந்து எங்கள் தெருவைப் பார்த்தேன் அக்கா. ஓடைவரை போய் வெள்ளைத் தொப்பியைத் தூக்கி, "வாங்க, வாங்க!" என்றேன். தொப்பை டாக்டர் சேற்றில் நின்றபடி என்னை அண்ணாந்து பார்த்தார்.

விருந்து நன்றாகத்தான் நடந்தது. பெரிய விருந்தாளிக்குத் தரும் ஆட்டுத்தலையை டாக்டருக்கே கொடுத்தோம். தெருவே உட்கார்ந்து சாப்பிட்டது. அவர் கேட்டபோது நானும் கொஞ்சம் பெரிதாகவே பேசிவிட்டேன். "யாருக்கும் நான் பாரம் இல்லங்க. எல்லாத்தையும் நானே செஞ்சுக்குவேன்" என்றேன். எல்லாரும் பலே என்று தொடையில் தட்டினார்கள். புருல் கெட்டிலைப் பிடித்தபடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நேற்று முடிவு வந்தது. மூன்றாம் பிரிவு. இலகுவான வேலைக்குத் தகுதி உண்டாம். பரிந்துரை: குதிரை மேய்ப்பு.

புருல் அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. பாத்திரம் கழுவிய களைப்பாக இருக்கும்.

இஷெனாலி


பிஷ்கெக்
மே 7

குதிரை மேய்க்கப் போகும் திருவாளருக்கு,

எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. கால் வராதவன் குதிரையில் ஏறி, கால் வராது என்று சான்றிதழ் கொடுக்க வந்த டாக்டரை எதிர்கொண்டு அழைத்து வந்தானாம். இதை அந்த மூன்று கட்டடத்திலும் போய் எந்த வாயால் சொல்வேன்? நம் ஜனங்களுக்குப் பசி வந்தால் தாங்குவோம், அடுத்தவன் பசியோடு போனான் என்ற பேச்சை மட்டும் தாங்க மாட்டோம்.

களைப்பு என்றா எழுதுகிறாய்? மரமண்டை. புருல் என்ன சொன்னாள், அதை எழுது. ஒன்றும் சொல்லவில்லை என்றால் இன்னும் மோசம்.

சூராகான்


எகி-தெரெக்
மே 17

அக்கா,

புருல் போய்விட்டாள். நேற்றுக் காலை கஸகஸ்தான் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

கடைசி நாள்வரைக்கும் எல்லாவற்றையும் எப்போதும் போலச் செய்தாள். என்னைத் திருப்பிப் போட்டாள், புண்ணுக்கு மருந்து வைத்தாள். கிராமத்து நர்ஸம்மாவிடம் பேசி, காலையும் மாலையும் வந்து என்னைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறாள். அந்த அம்மாவுக்குச் சம்பளம் மாஸ்கோவிலிருந்து அவளே அனுப்பப் போகிறாளாம். மூட்டையைக் கட்டிய பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் புருல், பணத்துக்காகவா? நான் யாரையாவது கேட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"பணமா? பணம் வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். "கெட்டிலப் புடிச்சுக்கிட்டு உங்க பின்னாலதான் நின்னேன். எல்லாத்தையும் நானே செஞ்சுக்குவேன்னு சொன்னீங்க. தெருவே கேட்டுச்சு. சரி, செஞ்சுக்கங்க."

அவ்வளவுதான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அவள்மேல் கோபமாக இருக்கிறது அக்கா. கட்டிலில் கிடப்பவனை விட்டுவிட்டுப் போகிற மனுஷியா? அந்தத் தொப்பைக்காரன் முன்னால் நான் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? என் மனைவி எனக்குத் துடைத்துவிடுகிறாள் என்றா? எந்த ஆம்பிளை அதைச் சபையில் சொல்வான்?

நீங்களும் அவள் பக்கம்தான் பேசுவீர்கள். பேசுங்கள்.

இஷெனாலி


பிஷ்கெக்
ஜூன் 4

இஷெனாலி,

ஆமாம், அவள் பக்கம்தான். உனக்கு அக்காவாகப் பிறந்த பாவத்துக்காக உனக்கும் அலைகிறேன்.

எந்த ஆம்பிளை சொல்வான் என்று கேட்டிருக்கிறாய். அவள் செய்யலாம், நீ சொல்லக்கூடாது, அப்படித்தானே? அந்த டாக்டர் உன்னை மூன்றாம் பிரிவில் போட்டதற்கு இவ்வளவு கொதிக்கிறாயே, நீ அவளை எந்தப் பிரிவிலும் போடவில்லையே தம்பி. நடுராத்திரியில் எழுந்து உன்னைப் புரட்டிப் போட்டவளைச் சபை நடுவில் இல்லாத ஆளாக ஆக்கிவிட்டாய். நானாக இருந்தால் அந்தக் கெட்டிலை உன் மடியில் கவிழ்த்திருப்பேன், அதுவும் உனக்குச் சுட்டிருக்காது.

மேல்முறையீடு போட்டிருக்கிறேன். வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றார்கள். குதிரை விஷயம் அறிக்கையில் தெளிவாக எழுதியிருக்கிறதாம். "அவன் காலை வாரால் கட்டியிருந்தாங்க, அதையும் எழுதியிருக்கா?" என்று கேட்டேன். இல்லையாம். "அப்ப எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கதவைப் பூட்ட வந்தவன்தான் கடைசியில் மனுவில் முத்திரை குத்த வைத்தான். அவனுக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

மேல்குழுவிலிருந்து யாராவது வருவார்கள். எப்போது என்று சொல்ல மாட்டார்களாம். அதுவே நல்லது. தயவுசெய்து உள்ளதைச் சொல்.

சூராகான்


எகி-தெரெக்
ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டுப் போனார்கள். நேற்று.

தெருவில் யாரும் இல்லை. மொத்தப் பேரும் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போய்விட்டார்கள். நர்ஸம்மா காலையில் வந்து போனதற்கு அப்புறம் தண்ணீர்ச் செம்பை எடுக்க எட்டினேன், கட்டிலிலிருந்து கீழே விழுந்துவிட்டேன். கையை ஊன்றி எழப் பார்த்தேன், முடியவில்லை. தரையில் கிடந்தபடி கூரைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கால்சட்டையும் நனைந்துவிட்டது. நனைந்தது எனக்குத் தெரியாது, நாற்றத்தில்தான் தெரிந்தது.

மத்தியானம் தாண்டி வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. "வீட்ல யாரு?" என்றது.

"வாங்க" என்றேன் தரையிலிருந்து.

ஒரு டாக்டரம்மா, ஒல்லியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஓடைச் சேற்றில் நடந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "மேசையில ரொட்டி இருக்கு, ஒரு துண்டு வாயில போட்டுக்கங்க. வெறும் வாயோட போகக் கூடாது" என்றேன். அந்த நிலையிலும் அதுதான் வாயில் வந்தது.

"ரொட்டி அப்புறம். மொதல்ல உங்களத் தூக்கணும்" என்று டிரைவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலில் போட்டார்கள். "மாத்து விரிப்பு எங்க இருக்கு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. நான் கட்டிய வீடு. விரிப்பு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே மாற்றியிருக்கும். டாக்டரம்மா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தேடினார். நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அப்புறம் உட்கார்ந்து கேட்டார். "உங்களால என்னென்ன செஞ்சுக்க முடியும்?"

எல்லாம் முடியும் என்று சொல்ல வாய் திறந்ததுதான். பழக்கம். ஆனால் சொல்ல முடியவில்லை. "நான் செய்றத விடுங்க. புருல் செய்றதச் சொல்றேன்" என்றேன். சொன்னேன். காலையில் வாளி எடுப்பதிலிருந்து, மலம் இறங்காத நாளில் கையுறை போட்டுக்கொண்டு அவள் செய்வதுவரைக்கும் சொன்னேன். ராத்திரியில் புண் வராமல் இருக்க என்னைப் புரட்டிப் போடுவது, காய்ச்சல் வந்தால் என் கோபத்தைத் தாங்குவது, என்னைக் குளிப்பாட்டும்போது எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஃபேக்டரிக் கதை பேசுவது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. டிரைவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அழுதேன். எழுதுவதில் என்ன இருக்கிறது, நீங்கள் அக்காதானே.

டாக்டரம்மா முதல் பிரிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பராமரிப்பவர் பேரு?" என்றார்.

"புருல்."

"எங்க அவங்க?"

"மாஸ்கோல."

பேனாவை வைத்துவிட்டார். "கூட இருக்குறவங்க பேரத்தான் எழுத முடியும். செப்டம்பர் முடியிறவரைக்கும் காலியா விடுறேன். அதுக்குள்ள யாராவது நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா அந்த உரிமை போயிடும்" என்றார். போகும்போது ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

டெலிபோன் ஆபீசிலிருந்து புருலுக்குப் பேசி இதைச் சொல்லுங்கள். வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

இஷெனாலி


பிஷ்கெக்
ஜூலை 30

தம்பி,

முதல் பிரிவு கிடைத்ததற்கு என் தையல் கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். எல்லாரும் வாழ்த்திவிட்டு, என்ன விசேஷம் என்றார்கள். என் தம்பியால் ஒன்றும் முடியாது என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது என்றேன். எப்படி முழித்தார்கள் தெரியுமா? இந்த ஒரு வரிக்காக மனுஷி என்னமாய் அலைய வேண்டியிருக்கிறது!

புருலிடம் பேசினேன். ஒரு ஹாஸ்டலில் மாடிப்படி கழுவுகிறாள். லைனில் அவ்வளவு இரைச்சல். நீ எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கையுறை வரைக்கும் வாசித்தேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. முடித்ததும் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று கத்தினேன்.

"இருக்கேன் அக்கா" என்றாள். "அவரு வாயாலயா சொன்னாரு?"

"அவன் வாயாலதான்."

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"டாக்டரம்மாவும் டிரைவரும். அந்த டிரைவரும் பாதியில எழுந்து போயிட்டானாம்."

"ம்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "வெளியூர்க்காரங்ககிட்ட சொல்றது சுலபம் அக்கா. அவங்க ஜீப்ல ஏறிப் போயிடுவாங்க. அன்னிக்குத் தெருவே உக்காந்து தின்னுச்சே, அவங்க முன்னாலதானே என்னைய இல்லாதவளாக்கினாரு. இதையும் அவங்க முன்னாலயே சொல்லட்டும். அப்ப நான் வரேன்."

செப்டம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும், வீம்பு பிடிக்காதே என்று கெஞ்சினேன், மிரட்டினேன். "அக்கா, எனக்குக் கழுவ இன்னும் படி பாக்கி இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து என் உயிர் போகிறது. ஆனால் அவள் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. தெரு செப்டம்பர் நடுவில் மலையிலிருந்து இறங்கிவிடும் அல்லவா? கூப்பிட்டு உட்கார வை. இந்தத் தடவை ஆடு அறுத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குழுவுக்கு முன்னால் வெட்கப்பட்டாய், சரி. இதுவும் வெட்கம்தான். பட்டுத் தொலை.

சூராகான்


எகி-தெரெக்
செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று எல்லாரையும் கூப்பிட்டேன். ஆடு அறுக்கவில்லை. ரொட்டி, தேநீர், அவர்கள் மலையிலிருந்து கொண்டுவந்த குதிரைப்பால், அவ்வளவுதான். ஏதோ விசேஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்துச் சாத்திபால்டி அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கட்டிலில் சாய்ந்தபடியே பேசினேன். வசந்தத்தில் இதே வீட்டில் நான் சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். எதையும் நானே செய்துகொள்வதில்லை, எல்லாம் புருல் செய்தது என்றேன். டாக்டரம்மாவிடம் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவரிடம் சொன்னதைவிட இது நூறு மடங்கு கஷ்டம் அக்கா. என்னோடு ஓடி விளையாடியவன் ஒருவன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான். ஆண்கள் எல்லாரும் குவளையைப் பார்த்தபடி இருந்தார்கள். சாத்திபால்டி அண்ணன் நடுவில், "போதும்டா, ஏன்டா இதெல்லாம்" என்றார். "இருங்கண்ணே, இன்னும் முடியல" என்று சொல்லிக் கையுறை விஷயத்தையும் சொல்லி முடித்தேன்.

ரொட்டிகூட யாரும் எடுக்கவில்லை. அப்போது கான்ஷாயிம் அண்ணி தேநீர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"இதச் சொல்லத்தான் கூப்பிட்டியாப்பா? எங்களுக்குத் தெரியாதா? மூணு வருஷமா உங்க கொடியில தினமும் விரிப்பு காயுது. பனிக்காலத்துல பலகை மாதிரி வெறச்சு நிக்கும், அத ஒடைச்சு ஒடைச்சு எடுத்துட்டுப் போவா. எங்க கொடியில வாரத்துக்கு ஒரு தடவதானே காயுது! நீ சொல்லல, அதனால நாங்களும் பாக்காத மாதிரி இருந்தோம்."

மற்றப் பெண்கள் தலையாட்டினார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

அக்கா, இந்தக் கடிதம் கிடைத்ததும் மெஷினை நிறுத்திவிட்டு டெலிபோன் ஆபீசுக்குப் போங்கள். தெரு முன்னால் சொல்லிவிட்டேன் என்று புருலிடம் சொல்லுங்கள். தெருவுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை, அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், இந்த வீட்டில் கிடந்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்றும் சொல்லுங்கள்.

இஷெனாலி